பழைய பைக் வாங்கியாச்சா? ஸ்டார்ட் செய்யும் முன் ஒரு சோதனை

பல வருடம் நின்றுபோன பைக்கைக் கொண்டுவந்ததும் கிக்கரை ஓங்கி உதைக்காதீர்கள். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். தடையில்லாமல் சுற்றினால் சரி. இறுகி நின்றால் பலத்தைக் காட்ட வேண்டாம், ஆயில் ஊறட்டும்.

அப்புறம் பெட்ரோல் டேங்க். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். துரு தெரிந்தாலோ, பழைய பெட்ரோல் வார்னிஷ் போல நாறினாலோ முழுக்க வடித்துக் கழுவுங்கள். அந்தத் துருத் தூளும் பிசினும்தான் கார்புரேட்டர் ஜெட்டை (பெட்ரோல் போகும் நுண்துளையை) அடைக்கும். பெட்ரோல் ட்யூப் வெடித்திருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டுவது உயிருக்கே ஆபத்து.

டயரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடு) தேயாமல் புதிது போலவே இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி எண்ணைத் தேடுங்கள். 2315 என்றால் 2015-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. மூன்றே இலக்கம் என்றால் 2000-க்கு முந்தையது. அதை நம்பி ஒரு தெருகூடத் தாண்டாதீர்கள்.

முன் சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிறுத்தி ஹேண்டில்பாரை மெல்லத் திருப்புங்கள். நடுவில் சிக்கினால் கோன் செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்) போயிருக்கிறது. ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் குழாய்களில்) எண்ணெய் வழிந்திருந்தால் ஆயில் சீலை மாற்ற வேண்டும்.

புது பேட்டரி வாங்கும் முன் வண்டி 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 6 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பேட்டரி வைத்தால் பல்பெல்லாம் எரிந்துபோகும்.