முப்பத்தஞ்சு வெச்சறட்டுங்களா? பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குக் காற்றடிக்கையில் செய்யும் தவறுகள்

பொள்ளாச்சி ரோட்டில் எந்த பங்க்கில் வண்டியை நிறுத்தினாலும் காற்றடிக்கிற தம்பி கேட்பது ஒன்றுதான்: “அண்ணா, முப்பத்தஞ்சு வெச்சறட்டுங்களா?” நாமும் போனைப் பார்த்துக்கொண்டே “செரி” என்று சொல்லிவிடுகிறோம். இன்றைய காருக்கு அது பெரும்பாலும் ஒத்துப்போகும். நாற்பது, ஐம்பது வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அந்த “செரி”தான் முதல் தவறு.

எங்கள் மாமாவின் தோட்டத்துச் சாளையில் எம்ஜிபி ஒன்று நிற்கிறது. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் செய்த இரண்டு சீட் வண்டி. பல வருடம் கழித்து அதை வெளியே எடுத்த அன்று நான்கு டயருக்கும் 35 பிஎஸ்ஐ (டயர்க் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வைத்துக்கொண்டு ஆழியாறு பக்கம் கிளம்பினோம். சின்னப் பள்ளத்துக்கெல்லாம் வண்டி எகிறிக் குதித்தது. பின்னால் இருக்கும் பட்டை ஸ்பிரிங் இறுகிவிட்டது, ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று மெக்கானிக் ஒருவர் இரண்டு மாதம் கழற்றி மாட்டினார். பட்டைக்கு ஒன்றுமில்லை. வண்டியோடு வந்த கையேட்டை மாமா ஒரு நாள் பரணிலிருந்து எடுத்துப் பிரித்தார். முன்னால் 21, பின்னால் 24 என்று போட்டிருந்தது. மெக்கானிக்குக் கொடுத்த காசை இங்கே சொல்லப் போவதில்லை.

இவ்வளவு குறைவா என்று எல்லோரும் கேட்கிறார்கள். டயரின் பக்கச் சுவரைப் பார்த்தால் புரியும். நாங்கள் போட்டிருப்பது 185/70 ஆர்14, அதன் பாரக் குறியீடு 88. உரிய காற்று இருந்தால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பது அதன் பொருள். நான்கும் சேர்ந்தால் இரண்டு டன்னுக்கு மேல். வண்டியோ ஏறக்குறைய ஒரு டன்தான். பாதி பாரத்துக்கு முழுக் காற்று அடித்தால் டயர் பந்து போல விறைத்து, நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். பிரேக் பிடிக்கும்போது வழுக்கும், நடுவில் சீக்கிரம் தேயும். பக்கச் சுவரில் ‘அதிகபட்சம்’ என்று அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்துக் காற்றடிப்பவர்களும் இதே தவறைத்தான் இன்னும் பெரிதாகச் செய்கிறார்கள். அது டயர் தாங்கும் எல்லை. எவ்வளவு வேண்டும் என்பதை வண்டியின் எடைதான் சொல்லும்.

அதற்காகக் கையேட்டு எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காலத்து டயரின் அகலம் வேறு, கட்டுமானம் வேறு. எம்ஜிபி முதலில் வந்தது கிராஸ்பிளை டயரோடு, அதாவது உள்ளே நூல் அடுக்குகள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து ஓடுகிற டயர். இன்று கிடைப்பது ரேடியல், நூல்கள் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கத்துக்கு நேராக ஓடுகிற டயர். அகலமான ரேடியலில் 21 வைத்தால் ஸ்டீயரிங் கனக்கும், வளைவில் வண்டி ஒரு கணம் தாமதித்துத் திரும்பும். கையேட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பிஎஸ்ஐயாக ஏற்றிப் பார்த்தோம். எங்களுக்குப் பிடிபட்டது முன்னே 23, பின்னே 26. மூன்று பிஎஸ்ஐ இடைவெளியை மட்டும் மாற்றவில்லை. ரேடியலின் அடிப்பக்கம் எப்போதும் கொஞ்சம் பிதுங்கித்தான் தெரியும். அதைப் பார்த்துக் காற்று இல்லையென்று ஏற்றிவிடுவார்கள். கண்ணை நம்பக் கூடாது.

இருப்பதிலேயே ஆபத்தான தவறு, அந்த முன்பின் இடைவெளியை அழித்து நான்கிலும் ஒரே அளவு வைப்பது. எஞ்சின் பின்னால் இருக்கிற வண்டிகளில் இது விளையாட்டில்லை. 1980களின் போர்ஷே 911க்கு முன்னால் 29, பின்னால் 34. 1960 மாடலாக வந்த அமெரிக்க வண்டி ஷெவ்ரோலே கோர்வேருக்கு முன்னால் வெறும் 15, பின்னால் 26. கனம் பின்னால் இருப்பதால் வளைவில் வால் வீசிச் சுழலப் பார்க்கும். முன்டயரில் காற்றைக் குறைத்து வைத்தால் பிடி முதலில் முன்பக்கம் தளரும். ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சமாளித்துவிடலாம். நான்கிலும் ஒன்றுபோல வைத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். எண்ணைத் தெரிந்துகொண்டே தலைகீழாக, முன்னே கூட்டிப் பின்னே குறைத்து அடித்துவிடுவதும் நடக்கிறது. தம்பி டயரிடம் உட்காரும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அடுத்தது சூட்டில் அளப்பது. கையேட்டில் இருப்பதெல்லாம் வண்டி மூன்று மணி நேரமாவது நின்றபின் அளக்கும் அளவு. கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி வரை ஓட்டி வந்து அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும். இந்த அழுத்தத்தில் டயருக்குள் 10 டிகிரி சூடு ஏறினால் 1 பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் மேலே கூடும். “ஜாஸ்தியா இருக்குதுங்க” என்று தம்பி இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் காற்றுக் குறைந்த டயரில் கிளம்புவோம். காற்றுக் குறைந்த டயர் அதிகமாக நெளியும், நெளிந்தால் சூடேறும். அந்த நிலையில் சேலம் நெடுஞ்சாலையில் நூறில் போவதுதான் டயர் வெடிக்க வழி. சித்திரை வெயிலில் ஒரு பக்கம் மட்டும் வெயில் பட நின்ற வண்டியில் இடதும் வலதும் வேறு வேறாகக் காட்டும், அதையும் திருத்தப் போகாதீர்கள். விடியற்காலையில் சாளையிலேயே அளப்பதுதான் நல்லது. அதற்குச் சொந்தமாக, காற்றழுத்தம் அளக்கும் கேஜ் ஒன்று வேண்டும். பங்க் கேஜ் 2 பிஎஸ்ஐ தப்பாகக் காட்டினால் 35இல் அது பெரிதாகத் தெரியாது. 21இல் அது பத்தில் ஒரு பங்கு.

மலையேறும் முன் காற்றை இறக்க வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போனால் ஏறக்குறைய 1,900 மீட்டர் ஏறுகிறோம். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் 3 பிஎஸ்ஐ வரை கூடுதலாகக் காட்டும். ஆனால் மேலே குளிர். கீழே 34 டிகிரியும் மேலே 16 டிகிரியுமாக இருந்தால் அந்தக் குளிர் 2 பிஎஸ்ஐயைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது ஒன்று. கீழே சரியாக வைத்துவிட்டு அப்படியே ஏறுங்கள், இறங்குங்கள். வால்பாறையின் 40 கொண்டை ஊசிக்கும் அதே அளவு போதும்.

நைட்ரஜன் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் வியாபாரப் பேச்சு. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரம் இல்லாமல் வருவது மட்டும் உண்மையான லாபம். எல்ஜி (ELGi) காற்றுக் கம்ப்ரசர் செய்கிற கோயம்புத்தூர்ப் பக்கம் இருந்துகொண்டு காற்றுக்குத் தனிக் காசு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஸ்போக் வீலுக்கு டியூப் கட்டாயம். டியூப் இருக்கும் டயரில் காற்று மிகக் குறைந்தால் டயர் ரிம்மில் நகர்ந்து வால்வின் அடியில் டியூப்பைக் கிழித்துவிடும்.

எந்த அளவு வைத்தாலும் காப்பாற்ற முடியாதது வயதான டயர். இந்த வண்டிகள் வருடத்துக்குச் சில நூறு கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். பட்டன் (டயரில் தரையைத் தொடும் வெட்டுகள்) புதிது போலவே இருக்கும், ரப்பர் இறுகியிருக்கும். பக்கச் சுவரில் ‘DOT’ என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள். 2316 என்றால் 2016ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. மூன்று எண்தான் இருக்கிறதென்றால் அது 2000க்கு முந்தையது. அதில் காற்றடிக்காமல் கழற்றிப் போடுங்கள்.

வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தினால் டயர் ஒரே இடத்தில் அமுங்கித் தட்டையாகும் என்று மாமா நான்கிலும் 36 ஏற்றிவிட்டுத்தான் சாளையைப் பூட்டுவார். நல்ல பழக்கம்தான். போன பொங்கலுக்கு அதே 36ஓடு திம்பம் பக்கம் கிளம்பிவிட்டோம். பண்ணாரி தாண்டி மூன்றாவது வளைவில் பின்பக்கம் வழுக்கியபோதுதான் ஞாபகம் வந்தது. இப்போது ஸ்டீயரிங்கில் ஒரு அட்டை தொங்குகிறது: “காத்து எறக்கு.”