திவாலுக்குப் பின் வீடு மாறுகிறவர்களுக்கு: இங்கிலாந்தில் மின்சார, கேஸ் கணக்குகள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கத்திலிருந்து இங்கிலாந்துக்குப் போய்க் குடியேறியிருக்கும் பிள்ளைகள், அங்கே தங்களுக்கு வரும் கடிதங்களையும் பில்களையும் படமெடுத்து எனக்கு அனுப்பி விளக்கம் கேட்பது வழக்கம். நான் அந்த நாட்டில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டுக் கோத்தகிரிக்கே திரும்பிவிட்டவன். வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், கவுன்சில் வரி ஆகியவற்றைப் பற்றிச் சொல்லித்தர அங்கே ஆள் நிறைய உண்டு. ஆனால், தொழில் நொடித்துத் திவாலான ஒருவர், அந்த நிலையிலேயே வேறு வீட்டுக்குக் குடிபோக நேர்ந்தால் மின்சாரத்தையும் கேஸையும் எப்படி ஒழுங்குபடுத்திக்கொள்வது என்பதைப் பற்றி நம்மவர்கள் யாரும் வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தால் அரவேனுவைச் சேர்ந்த ஒரு தம்பி, தாம் கட்ட வேண்டியிராத பணத்தை இன்றும் வாரந்தோறும் கட்டிக்கொண்டிருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன். இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தின் திவால் சட்டம் வேறு, வட அயர்லாந்தின் மின்சார ஏற்பாடும் வேறு.

முதலில், திவாலானவனுக்கு யாரும் கரண்ட் கொடுக்க மாட்டார்கள் என்ற அச்சத்தை விட்டுவிடுங்கள். திவாலுக்கு முந்தைய பாக்கியைக் கட்டினால்தான் தொடர்ந்து சப்ளை தருவோம் என்று நிபந்தனை போடக் கூடாது. நிறுவனம் இரண்டு வழிகளில் தன்னைப் பாதுகாத்துக்கொள்ளும்: டெபாசிட் கேட்கும், அல்லது முன்கூட்டியே பணம் போட்டு எரிக்கும் ப்ரீபேய்மென்ட் மீட்டரை வைத்துக்கொள்ளச் சொல்லும். அத்தகைய மீட்டருக்கு நீங்கள் ஒப்புக்கொண்டு, அதை வைக்கவும் இடமிருந்தால், டெபாசிட் கேட்கக் கூடாது. டெபாசிட் கட்டியிருந்தாலும், ஓராண்டு தவறாமல் பில் கட்டியவருக்கு அதைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி.

திவால் விண்ணப்பத்தின் நடைமுறை எளிது. 2016 ஏப்ரலிலிருந்து இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 680 பவுண்டு. 28 நாட்களுக்குள் முடிவு வரும். வழக்கமாக 12 மாதத்தில் திவால் நிலையிலிருந்து விடுதலை கிடைக்கும். கடன் வரலாற்றுப் பதிவில் மட்டும் ஆறு ஆண்டுகள் அது நிற்கும். மற்றவற்றை ஆஃபீஷியல் ரிசீவர் என்னும் அரசு அதிகாரியின் அலுவலகம் கடிதம் கடிதமாக எழுதி உங்களுக்குத் தெரிவிக்கும்.

நம் ஊர்ப் பழக்கம் எங்கே நம்மைத் தவறான பக்கம் தள்ளுகிறது என்பதை இனிச் சொல்ல வேண்டும். 1932-இல் பைக்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய மலை இது. குந்தாவின் நீர்மின் நிலையங்கள் இன்றும் சமவெளிக்கு விளக்கேற்றுகின்றன. மின்சாரம் நமக்குப் புதிதன்று. ஆனால் நாம் பழகிய முறையில் மீட்டர் இணைப்பு வீட்டோடு சேர்ந்தது. சர்வீஸ் நம்பர் தாத்தா பெயரில் இருக்கும், குடியிருப்பவர் வேறொருவராக இருப்பார், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாரியத்து ஆள் வந்து ரீடிங் எடுப்பார், முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. பழைய பாக்கி நின்றால் அது இணைப்பின்மேல் நிற்கும். புதிதாக வருபவர் அதைத் தீர்க்காவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். விதிகள் இடம் கொடுக்கும்போது முந்தைய உரிமையாளரின் பாக்கியைக் கேட்டு வாங்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் பாக்கி வீட்டைப் பற்றி நிற்பதில்லை, ஆளைப் பற்றி நிற்கிறது. புது வீட்டில் முன்பு இருந்தவரின் கடன் உங்களுடையது அன்று; பழைய வீட்டில் நீங்கள் வைத்த கடனோ உங்கள் பின்னாலேயே வரும். அதில் எந்தப் பகுதி திவாலோடு முடிந்தது, எந்தப் பகுதி இன்னும் உங்கள் தலைமேல் இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு நாளின் மீட்டர் எண். தம்பி மாட்டிக்கொண்டது அங்கேதான்.

சட்டப்படி, திவால் உத்தரவு பிறந்த நாள்வரை எரித்த மின்சாரத்துக்கும் கேஸுக்கும் உள்ள பாக்கி திவாலில் அடங்கிவிடும். அன்றைக்கு மறுநாளிலிருந்து எரிப்பதற்கெல்லாம் நீங்களே பொறுப்பு. ஆகவே நிறுவனம் பழைய கணக்கை அந்தத் தேதியோடு முடித்து, அதே வீட்டுக்குப் புதுக் கணக்கு ஒன்றைத் திறக்க வேண்டும். அப்படிப் பிரிப்பதற்கு அன்றைய ரீடிங் தேவை. அங்கே நம் ஊர் போல இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் கணக்கெடுக்க யாரும் வாசலுக்கு வருவதில்லை. ஸ்மார்ட் மீட்டர் இல்லாத வீட்டில் ரீடிங்கை எடுத்து அனுப்புவது குடியிருப்பவரின் வேலை. அனுப்பாவிட்டால் சென்ற ஆண்டுகளின் பயன்பாட்டைப் பார்த்து நிறுவனம் தானாக ஓர் எண்ணை மதிப்பிட்டு எழுதிக்கொள்ளும்.

தம்பி ஒரு சின்ன மளிகைக் கடை வைத்திருந்தார். விடியற்காலையில் கடையைத் திறந்தால் இரவு வெகுநேரம் கழித்துத்தான் வீடு. மனைவியும் பெண்ணும்கூடப் பள்ளி முடிந்து கடையிலேயே இருப்பார்கள். அதனால் முந்தைய ஆண்டுகளில் அந்த வீட்டில் ஹீட்டிங் அதிகம் ஓடியதே இல்லை. கடையை மூடிய அந்தக் குளிர்காலத்திலோ மூவரும் பகல் முழுவதும் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரியிலும் காலை ஒன்பது மணிக்கு வெயில் வந்து புல்லைக் காய வைத்துவிடும். அந்த நாட்டு ஜனவரியில் அப்படி ஒரு வெயிலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க முடியாது. வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர் இடைவிடாமல் எரிந்தது. திவால் உத்தரவு அந்த மாதக் கடைசியில் வந்தது. அன்று மீட்டரை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லவும் ஆளில்லை.

வசந்த காலத்தில் சிறிய ஃபிளாட் ஒன்றுக்கு மாறியபோது, வீட்டைக் காலி செய்யும் நாளில் முறையாக ரீடிங் எடுத்து அனுப்பினார். சில வாரங்களில் வந்த பில்லைப் படமெடுத்து எனக்கு அனுப்பி, "அண்ணா, இது திவாலில் போயிருக்க வேண்டிய பணம் இல்லையா?" என்று கேட்டார். கேஸ் பகுதியில் இரண்டு எண்கள் இருந்தன. காலி செய்த நாளின் எண்ணுக்குப் பக்கத்தில் வாடிக்கையாளர் கொடுத்தது என்ற குறி இருந்தது. உத்தரவு நாளின் எண்ணுக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டுப் பார்த்தால்தான் தெரியும் அளவில், மதிப்பீடு என்பதற்கான ஒற்றை எழுத்து. கடையில் கிடந்த ஆண்டுகளின் பழக்கத்தை வைத்துக் கணித்ததால் அந்த எண் மிகவும் குறைவாக இருந்தது. டிசம்பரிலும் ஜனவரியிலும் உண்மையில் எரிந்து முடிந்த கேஸ், ஏட்டில் பிப்ரவரியிலிருந்து எரிந்ததாக ஏறிவிட்டது. திவாலில் அடங்க வேண்டிய கடன், திவாலுக்குப் பிந்தைய சொந்தக் கடனாக உருமாறிவிட்டது. அந்த வீட்டில் இருந்தது கன அடியில் ஓடும் பழைய மீட்டர். அதில் ஒரு எண் நகர்ந்தால் ஏறத்தாழ 31 யூனிட். மீட்டர் மெட்ரிக் வகையாக இருந்தாலும் ஓர் எண்ணுக்கு 11 யூனிட் வரும். எண்ணில் சிறிதாகத் தெரியும் பிசகு பணத்தில் எவ்வளவு பெருகும் என்பதை இதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. உத்தரவு வந்ததும் அவருடைய வங்கிக் கணக்கு முடக்கப்பட்டது. அதிலிருந்து பில்லுக்குத் தானாகப் போய்க்கொண்டிருந்த டைரக்ட் டெபிட் நின்றது. பழைய கணக்கோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர் நினைத்திருந்த அந்த இடைக்காலத்தில், உத்தரவுக்கும் குடிமாற்றத்துக்கும் நடுவே ஒரு பைசாவும் நிறுவனத்துக்குப் போகவில்லை. புது ஃபிளாட்டுக்குச் சப்ளை செய்வதும் அதே நிறுவனம். அங்கே ஏற்கெனவே இருந்ததோ ப்ரீபேய்மென்ட் மீட்டர். தொலைபேசியில் அவசரமாகச் சம்மதம் வாங்கி, அந்த இடைக்காலப் பாக்கி முழுவதையும் புது மீட்டரில் ஏற்றிவிட்டார்கள். இப்போது அவர் டாப்-அப் செய்யும் பணத்திலிருந்து, கேஸ் எரித்தாலும் எரிக்காவிட்டாலும் வாரத்துக்கு ஒரு தொகை பிடித்தமாகிறது.

ஆகவே விண்ணப்பத்தை அனுப்பிய நாளிலிருந்து, உத்தரவு எந்த நாள் வரும் என்று தெரியாத காரணத்தால், ஒவ்வொரு மாலையும் இரண்டு மீட்டர்களையும் படமெடுங்கள். மீட்டரின் வரிசை எண்ணும் ரீடிங்கும் ஒரே படத்தில் விழ வேண்டும். கேஸ் மீட்டர் பெரும்பாலும் வெளிச்சுவரில் ஒரு பெட்டிக்குள் இருக்கும். அதன் முக்கோணச் சாவி உங்களிடம் இல்லாவிட்டால் வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி வையுங்கள். உத்தரவு கைக்கு வந்ததும், அன்றைய படத்தை உத்தரவின் நகலோடு நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்பி, அந்த எண்ணோடு பழைய கணக்கை முடித்துப் புதுக் கணக்கு திறக்கக் கேளுங்கள். ரிசீவர் அலுவலகம் கடன்காரர்களுக்குத் தகவல் அனுப்பும் என்பது உண்மை. உங்கள் மீட்டர் எண்ணை அது அனுப்பாது. பில் வந்ததும் மொத்தத் தொகையைப் பார்ப்பதற்கு முன் அந்த ஒற்றை எழுத்தைப் பாருங்கள்.

குடிமாறும் நாளின் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய வீட்டைப் பூட்டும்போது ஒரு ரீடிங், புது வீட்டைத் திறக்கும்போது ஒரு ரீடிங். புது வீட்டுக்கு ஏற்கெனவே சப்ளை செய்யும் நிறுவனத்தோடு நீங்கள் உள்ளே நுழைந்ததுமே ஓர் ஒப்பந்தம் உண்டானதாகச் சட்டம் கருதுகிறது. அதிலிருந்து வெளியேற அபராதம் கிடையாது. அந்த நிறுவனம் எது என்று தெரியாவிட்டால் மின்சாரத்துக்கு அந்தப் பகுதியின் விநியோக நிறுவனத்தையும், கேஸுக்கு நாடு முழுமைக்கும் உள்ள தேடல் சேவையையும் கேட்கலாம். விலை குறைவான திட்டங்களைத் தேடி உடனே ஓட வேண்டாம். கடன் வரலாற்றைப் பார்த்து மறுக்கக்கூடிய இடங்களில் போய் நிற்காமல், முதல் சில மாதங்கள் இருக்கும் நிறுவனத்திலேயே இருந்து ஒழுங்காகக் கட்டுவது நல்லது.

ப்ரீபேய்மென்ட் மீட்டர் உள்ள வீடு என்றால், முன்பு இருந்தவர் விட்டுச் சென்ற, மீட்டரில் செருகிப் பணம் ஏற்றும் மின்சாரச் சாவியையோ கேஸ் கார்டையோ எடுத்து டாப்-அப் செய்யவே கூடாது. சமையலறை இழுப்பறையில் அது கிடக்கும். குளிரும் இரவில் கடைக்கு ஓடிப்போய் அதில் பணம் போடத்தான் கை போகும். ஆனால் பழையவரின் கடன் அதில் ஏற்றப்பட்டிருந்தால் உங்கள் பணம் அதற்குப் போய்ச் சேரும். நிறுவனத்தை அழைத்துக் குடிவந்த தேதியைச் சொல்லி, உங்கள் பெயரில் புதுச் சாவியும் கார்டும் கேளுங்கள். மீட்டரைப் பாக்கியில்லாமல் மாற்றியமைக்கச் சொல்லுங்கள். வீட்டில் யாரும் இல்லாத நாட்களிலும் ஸ்டாண்டிங் சார்ஜ் என்னும் நிலையான தினக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால், ஊருக்கு விடுமுறையில் வரும்போது மீட்டரில் கொஞ்சம் பணம் விட்டு வாருங்கள்.

கணக்கு யார் பெயரில் இருக்க வேண்டும் என்பதிலும் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். புது வீட்டில் உண்மையாகக் குடியிருக்கும் மனைவியின் பெயரில் திறப்பதில் தவறில்லை. வேறு ஊரில் இருக்கும் நண்பர் பெயரிலோ, படிக்கும் பிள்ளையின் பெயரிலோ திறப்பது தவறு. பழைய கணக்கு கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருந்திருந்தால், ஒருவர் திவாலானதும் அந்தப் பாக்கி முழுவதற்கும் மற்றவரே பொறுப்பாவார். பாதிக்கு மட்டும் அன்று. விண்ணப்பிக்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெப்ட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆகிய அமைப்புகள் கட்டணம் வாங்காமல் ஆலோசனை சொல்கின்றன. அவர்களிடம் பேச ஒருவரும் கூசத் தேவையில்லை.

என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. அரவேனுவில் இருக்கும் அவருடைய தாயார், மகன் கரண்ட் பாக்கியோடு அயல்நாட்டில் நிற்கிறான் என்று கேள்விப்பட்டு, கழுத்தில் இருந்ததை அடகு வைத்துப் பணம் அனுப்பினார். பச்சைத் தேயிலைக்குச் சரியான விலை கிடைக்காமல் திண்டாடும் ஊரில், அந்த நகையை மீட்பது எளிதன்று. அந்தப் பணம் திவாலில் ஏற்கெனவே அடங்கிவிட்ட பழைய கணக்குக்குப் போனது. கட்டியிருக்கவே வேண்டியதில்லை. ஊரிலிருக்கும் பெற்றோருக்கு இதைச் சொல்லிவையுங்கள்: உத்தரவுக்கு முந்தைய பாக்கியைத் தனியே கட்டுவதால் மகனுக்கு எந்த நன்மையும் இல்லை, கொடுக்க விரும்பினால் புது வீட்டின் மீட்டருக்குக் கொடுக்கட்டும்.

கணக்கைத் தவறாகப் பிரித்திருந்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் செய்ய வேண்டும். எட்டு வாரங்களில் தீராவிட்டால் எனர்ஜி ஆம்பட்ஸ்மன் என்னும் குறைதீர்ப்பு அமைப்பிடம் கொண்டுபோகலாம். அதற்கும் கட்டணம் இல்லை. தம்பியின் மின்சாரப் பகுதி புகாருக்குப் பிறகு திருத்தப்பட்டது, ஏனெனில் ஸ்மார்ட் மீட்டரில் உத்தரவு நாளின் எண் பதிவாகியிருந்தது. கேஸுக்கு அவரிடம் காட்ட எந்தச் சான்றும் இல்லாததால் அந்த மதிப்பீடு அப்படியே நின்றுவிட்டது. குடிமாறியதும் புது முகவரியை ரிசீவர் அலுவலகத்துக்கும் கட்டாயம் தெரிவியுங்கள். மீட்டர் படங்கள், உத்தரவின் நகல், நீங்கள் அனுப்பிய கடிதங்கள் ஆகியவற்றைத் தொலைபேசியில் மட்டும் வைத்திராமல் வேறொரு இடத்திலும் ஆறு ஆண்டுகள்வரை பாதுகாத்து வையுங்கள். பழைய கடனை விலைக்கு வாங்கிய வசூல் நிறுவனம் எந்த ஆண்டில் வந்து கேட்டாலும், உத்தரவின் நகலையும் அன்றைய ரீடிங்கையும் அனுப்பினால் போதும்.