இறக்குமதி வேட்டை ரைஃபிளைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பழைய ஐரோப்பிய வேட்டை ரைஃபிள்களை வாங்கி வீட்டுப் பட்டறையில் மெருகேற்றுவது நெடுநாளைய பொழுதுபோக்கு. அதில் சுவீடனின் ஹுஸ்க்வர்னாவுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. 1689இல் துப்பாக்கி ஆலையாகத் தொடங்கி, பின்னால் தையல் இயந்திரம், மோட்டார் சைக்கிள், செயின்சா என்று போன கம்பெனி அது. அவர்களுடைய 640 வரிசை, பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலையில் செய்த மவுசர் 98 ஆக்‌ஷனில் கட்டப்பட்டது. தோட்டாவை ஏற்றிச் சுடும் இயங்கு பாகம்தான் ஆக்‌ஷன்; அதன் உடல் ரிசீவர், அதற்குள் முன்பின் நகரும் பூட்டுத்தண்டு போல்ட். இதைத் தாங்கும் கட்டை பெரும்பாலும் வால்நட் அல்லது பீச் மரம். இன்று கைக்கு வரும்போது வார்னிஷ் உரிந்திருக்கும், இரும்பின் நீலக்கறுப்பு மேல்படலமான ப்ளூயிங் தேய்ந்திருக்கும், பிடிப் பக்கம் எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கும். உள்ளே சரக்கு நன்றாகவே இருக்கும். அதைக் கெடுப்பது பெரும்பாலும் புதுப்பிக்கிறேன் என்று இறங்கியவரின் அவசரம்தான்.

பூசியது சரியில்லை என்றால் சுரண்டிவிட்டு மறுபடி பூசலாம். ஆனால் தேய்த்து எடுத்த மரமும் இரும்பும் திரும்ப வராது. கீழே உள்ள தவறுகளில் மோசமானவை எல்லாம் இந்த இரண்டாவது வகைதான்.

கழற்றும்போதே தொடங்கும் சேதம்

பேரலின் பின்முனையில் உள்ள தோட்டா அறையில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, போல்ட்டை உருவி வைத்த பிறகுதான் மற்றதெல்லாம். அடுத்து திருப்புளி. கடையில் கிடைக்கும் சாதாரணத் திருப்புளியின் வாய் ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். அது ஸ்க்ரூ காடியின் மேல் விளிம்பை மட்டுமே தொடும். அழுத்தித் திருப்பினால் மேலேறி வழுக்கும். காடியின் இரு உதடும் பிதுங்கும், பக்கத்தில் ஒரு நீளக் கீறலும் விழும். இரு பக்கமும் இணையாகத் தீட்டிய துப்பாக்கி வேலைக்கான பிட் காடியை அடிவரை நிரப்பும். நீளத்திலும் தடிமனிலும் ஆட்டமில்லாமல் பொருந்தும் பிட்டைத் தேர்ந்தெடுங்கள். இறுகிப்போன ஸ்க்ரூவுக்கு ஒரு சொட்டு ஊடுருவும் எண்ணெய் விட்டு இரவு முழுக்க விடுங்கள். பலத்தைக் காட்ட வேண்டாம்.

ஸ்க்ரூ கெட்டுவிட்டால் இன்னொரு தவறு காத்திருக்கிறது. மவுசர் 98இன் அடிப்பக்க ஸ்க்ரூக்கள் கால் அங்குலம், அங்குலத்துக்கு 22 மரை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கால் அங்குலம் 20 மரையோ 28 மரையோ. இரண்டு சுற்று ஏறுகிறதே என்று முறுக்கினால் ரிசீவரின் மரையே போய்விடும். மவுசருக்கென்றே விற்கும் ஸ்க்ரூவைத்தான் வாங்க வேண்டும்.

பின் ஸ்க்ரூவைச் சுற்றி மரத்துக்குள் ஒரு சிறிய எஃகுக் குழாய் இருக்கும். கட்டையைக் கவிழ்த்ததும் அது நழுவி விழுந்து குப்பையோடு போவது அடிக்கடி நடக்கிறது. அது இல்லாமல் பூட்டினால் ஸ்க்ரூ முறுக்க முறுக்க மரம் நசுங்கும், ரிசீவரின் வால் கீழே வளையும், குறி ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் இடத்தில் போகும். கழற்றிய ஒவ்வொன்றையும் பெயர் எழுதிய டப்பாவில் போட்டுவையுங்கள்.

மரம்: உப்புத்தாளைக் கடைசியில் எடுங்கள்

பழைய வார்னிஷை உப்புத்தாளால் தேய்த்து எடுப்பதுதான் மிகப் பரவலான தவறு. வார்னிஷோடு மரமும் போகிறது, அதுவும் மேடான இடங்களில் அதிகமாக. ரசாயன ஸ்ட்ரிப்பர் பூசி, ஊறவைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்தெடுங்கள். முன்பு எல்லோரும் வாங்கிய மெத்திலீன் குளோரைடு ஸ்ட்ரிப்பரை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2019இல் பொதுமக்களுக்கு விற்கக் கூடாது என்று தடுத்தது. மூடிய அறையில் அதன் ஆவி ஆளையே கொன்றிருக்கிறது. பழைய டப்பா யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். இப்போதைய ஸ்ட்ரிப்பர்கள் மெதுவானவை, இரண்டு மூன்று முறை பூச வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஓவன் கிளீனரும் காஸ்டிக் சோடாவும் வேண்டாம். வால்நட்டை அவை திட்டுத்திட்டாகக் கறுக்கவைக்கும், நாரைப் பஞ்சாக்கும். கட்டையைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் வைக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

எண்ணெய் ஊறிய இடத்துக்குச் சுண்ணாம்புக்கல் பொடியை அசிட்டோனில் குழைத்துப் பற்றுப் போடுங்கள். அசிட்டோன் எண்ணெயை இளக்கும், காயும்போது பொடி அதை உறிஞ்சும். பொடி பழுப்பேறாமல் உதிரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். திறந்த வெளியில், நெருப்புக்குத் தள்ளி. இரும்பு பட்டு நீலக்கறுப்பாக நிற்கும் கறை வேறு. அதற்கு ஆக்சாலிக் ஆசிட் கரைசல். எண்ணெய்க் கறையில் அது ஒன்றும் செய்யாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆசிட்டை ஊற்றிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய.

நசுங்கல்களை உப்புத்தாளுக்கு முன்பே நீராவியால் எழுப்பிவிட வேண்டும். ஈரத் துணியை நசுங்கிய இடத்தில் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையால் சில விநாடி அழுத்துங்கள். நார் ஈரத்தையும் சூட்டையும் குடித்து உப்பி எழும். நார் அறுந்த வெட்டு எழாது. அதை நிரப்பத்தான் வேண்டும். நசுங்கலை மட்டம் பார்க்க ஒரு மில்லிமீட்டர் மரத்தைத் தேய்த்துவிட்டுப் பிறகு நீராவியைப் பற்றித் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

இப்போது உப்புத்தாள். 80 நம்பரைக் கையில் எடுக்கவே வேண்டாம். 150 அல்லது 220இல் தொடங்கி 320இல் நிறுத்தினால் போதும். தாளை ரப்பர் கட்டையிலோ மரத்துண்டிலோ சுற்றித்தான் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் மென்மையான நார் அதிகம் குழிந்து, பளபளப்பு ஏறியதும் அலை அலையாகத் தெரியும். கட்டையின் பின்முனையை மூடும் பின்தட்டைக் கழற்றாமல், அதன் மேல் டேப் ஒட்டித் தேய்ப்பதே நல்லது. கழற்றிவிட்டுத் தேய்த்தால் திரும்பப் பூட்டும்போது இரும்பு மரத்தைவிட வெளியே துருத்தும். ரிசீவர் வாலைச் சுற்றியும் இதே கதைதான். தொழிற்சாலையில் இரும்பைவிட மரம் ஒரு மயிரிழை உயர்ந்தே இருக்கும். அதுதான் உங்களுக்கு உள்ள மொத்த இருப்பு. போல்ட் கைப்பிடிப் பள்ளத்தின் விளிம்பும் கன்னம் பதியும் மேட்டின் முனையும் கூராக நிற்க வேண்டிய இடங்கள். அவை மழுங்கினால் எவ்வளவு நல்ல எண்ணெய் பூசினாலும் சோப்புக்கட்டி மாதிரிதான் இருக்கும்.

செக்கரிங் (பிடி வழுக்காமல் இருக்க மரத்தில் செதுக்கிய குறுக்குக் கோடுகள்) மேல் உப்புத்தாள் படவே கூடாது. சுற்றிலும் டேப் ஒட்டி, ஸ்ட்ரிப்பரைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் கோட்டின் போக்கிலேயே தேய்த்து எடுங்கள்.

கடைசியாக, ஈரத் துணியால் மரத்தைத் துடைத்துக் காயவிடுங்கள். நார்கள் முள்ளாக எழும். 320ஆல் மெல்லத் தட்டிவிட்டு, இரண்டு முறை இதையே செய்யுங்கள். இதைத் தவிர்த்தால் முதல் பூச்சிலேயே முள் எழும். இந்த வேலைக்கு இரும்பு நாரை எடுக்காதீர்கள். உடைந்த துகள் நுண்துளையில் சிக்கி, வால்நட்டின் டானினோடு சேர்ந்து கறும்புள்ளியாகும்.

எண்ணெய்: குறைவாக, மிகக் குறைவாக

பச்சை ஆளி விதை எண்ணெய் வாரக்கணக்கில் காயாது. சீக்கிரம் உலரவைக்கும் உலோக உப்பு சேர்த்த வகையோ, ட்ரூ-ஆயில் போல வார்னிஷ் தன்மையுள்ள எண்ணெயோதான் வேலைக்கு ஆகும். எதுவானாலும் தடிமனாகப் பூசினால் பாலில் ஆடை படிவதுபோல மேலே தோல் கட்டும், அடியில் ஈரம் நிற்கும். ஆறு மாதம் கழித்தும் வெயிலில் பிசுபிசுக்கும். காரணம், இந்த எண்ணெய்கள் வற்றிக் காய்வதில்லை. காற்றின் ஆக்சிஜனை இழுத்துக் கெட்டியாகின்றன. ஒரு பக்கத்துக்கு நாலைந்து சொட்டு, விரலால் சூடு வரும்வரை தேய்ப்பு, முழுவதும் காய்ந்த பிறகு அடுத்த பூச்சு. எட்டு முதல் பன்னிரண்டு பூச்சு என்று கணக்கு வையுங்கள்.

வால்நட்டின் நுண்துளைகளை நிரப்ப, முதல் இரண்டு பூச்சை 400 நம்பர் தாளால் எண்ணெய் ஈரத்திலேயே தேய்ப்பார்கள். மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து சேறாகும். அதை நார் போக்குக்குக் குறுக்கே லேசாகத் துடைத்துவிட்டு ஒரு நாள் காயவிட வேண்டும். நார் போக்கிலேயே அழுத்தித் துடைத்தால் நிரப்பியதெல்லாம் துணியோடு வெளியே வந்துவிடும்.

பீச் மரம் நிறத்தைத் திட்டுத்திட்டாகக் குடிக்கும். பின்தட்டுக்கு அடியிலோ பேரல் கால்வாயிலோ முதலில் பூசிப் பாருங்கள். அந்த மறைவான இடங்களைப் பூசாமல் விடுவதும் தவறுதான். பின்தட்டின் கீழ் இருப்பது மரத்தின் வெட்டு முகம். ஈரத்தை அதிகம் குடிப்பது அதுவே. மெல்லிய ஒரு பூச்சு போதும். ரிசீவர் உட்காரும் பள்ளத்தில் கட்டியாகத் தேங்கினால் அது உட்காரும் உயரமே மாறும்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆக்சிஜனோடு சேரும்போது எழும் சூடு சுருளுக்குள் அடைபட்டுத் தானாகவே தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரி 23 அன்று பிலடெல்பியாவின் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசாவை எரித்தது இப்படி விட்டுப்போன ஆளி விதை எண்ணெய்த் துணிகள்தான். 3 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். துணியை விரித்துத் திறந்த வெளியில் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய உலோக டப்பாவில் மூடிவையுங்கள்.

இரும்பு: எண்களைத் தொடாதீர்கள்

மோட்டார் பஃபிங் சக்கரம் ஓர் அரை மணியில் எழுத்தைக் கரைக்கும், ஸ்க்ரூ துளைகளின் வாயைக் குழியாக்கும், தட்டையான பக்கத்தை உருட்டிவிடும். அமெரிக்க விதிப்படி 2002 முதல் வரிசை எண்ணின் ஆழம் குறைந்தது 0.003 அங்குலம், அதாவது 0.08 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஐரோப்பியச் சோதனை முத்திரைகளும் அதேபோல் மெலிந்தவை. வரிசை எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் கூட்டாட்சிக் குற்றம். இறக்குமதியாளர் பெயர் அசிங்கமாக இருக்கிறது என்று தேய்ப்பவர்களும் உண்டு, அதையும் விட்டுவிடுங்கள். அந்த இடங்களுக்கு டேப் போட்டு, மற்றதைக் கட்டையில் சுற்றிய தாளால் கையாலேயே தேய்ப்பதுதான் வழி.

சூடேற்றாமல் பூசும், குப்பியில் வரும் கோல்டு ப்ளூ சிறு கீறலுக்கு மட்டும். முழுப் பேரலுக்குப் பூசினால் திட்டுத்திட்டாக வந்து, சீக்கிரமே தேய்ந்துபோகும். அதில் செலீனியம் இருப்பதால் கையுறை வேண்டும். உப்புக் கொதியில் செய்யும் ஹாட் ப்ளூ வீட்டு வேலையே இல்லை. 140 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கும் காஸ்டிக்கில் தண்ணீர் தெறித்தால் வெடித்துச் சிதறும். ஈயப் பற்று வைத்து ஒட்டிய பார்வைக் குறிகளின் இடுக்கில் அந்த உப்பு புகுந்து, பிறகு மாதக்கணக்கில் கசிந்து துருவாக்கும்.

பொறுமையுள்ளவருக்கு ரஸ்ட் ப்ளூ. கரைசல் பூசி, ஈரப்பெட்டியில் துருவேற்றி, காய்ச்சி வடித்த நீரில் கொதிக்கவைத்தால் செந்துரு கருந்துருவாகும். மேலே நிற்கும் கரியை மென்மையான கம்பி பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, ஐந்தாறு சுற்று. கெடுவது மூன்று இடத்தில்: குழாய்த் தண்ணீரின் உப்பு வெள்ளைப் புள்ளி விடும், பிரஷ்ஷில் எண்ணெய் இருந்தால் அந்த இடம் நிறமேறாது, பேரல் துளையை இருபுறமும் அடைக்காவிட்டால் உள்ளேயும் துருவேறும். 320 நம்பர் மெருகே இதற்குப் போதும்.

பழைய மவுசர் ரிசீவர்கள் பலவும் மேல்தோல் மட்டும் கடினமாக்கிய இரும்பு. டார்ச் வைத்துப் போல்ட் கைப்பிடியை வளைப்பது, துளை போட வசதியாகச் சூடேற்றுவது எல்லாம் அந்தத் தோலைக் கொல்லும். அதுவும், ட்ரிகர், அது விடுவிக்கும் கொக்கியான சியர் இரண்டின் உரசும் முகங்களும் கன்ஸ்மித் (துப்பாக்கித் தொழிலாளி) வேலை.

திரும்பப் பூட்டும்போது மாகசின் பெட்டியின் மேல்விளிம்புக்கும் ரிசீவருக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். முட்டினால் முறுக்கும் விசை ரிசீவரைத்தான் வளைக்கும். முன் ஸ்க்ரூ நீளமாகிவிட்டால் அதன் நுனி போல்ட்டின் கீழ்ப்பூட்டில் இடிக்கும். போல்ட் வெறுமையாக மூடி, சேஃப்டி சரியாக வேலை செய்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் முழுக்க இறுகி மரம் படிய ஒரு மாதம் ஆகும். அதன்பின் ஸ்க்ரூக்களை மறுபடி ஒருமுறை இறுக்கம் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகே குறிபார்க்கும் பார்வையைச் சரிசெய்யுங்கள்.