கிரிமினல் கோர்ட்டுல ஒரு நாள் உக்காந்து பாக்கணுமா?

கேஸ் இருக்கறவங்க மட்டும்தான் கோர்ட்டுக்குள்ள போகணும்னு நெறைய பேர் நெனச்சிட்டு இருக்காங்க, அப்படியெல்லாம் இல்லங்க. கிரிமினல் கோர்ட்டுங்கறது திறந்த கோர்ட், இடம் இருக்கற வரைக்கும் யார் வேணா போய் உக்காரலாம். இந்த விதி முன்னாடி சிஆர்பிசிங்கற குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 327வது பிரிவா இருந்தது, 2024 ஜூலை 1ல இருந்து அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்துல 366வது பிரிவு. ரேப் கேஸ், போக்சோ கேஸ் (குழந்தைங்க மேல நடக்கற பாலியல் குற்றம்) மட்டும் மூடின அறையில நடக்கும். மத்த கேஸ்லயும் ஜட்ஜ் வெளிய இருங்கன்னு சொல்லிட்டா பேசாம எழுந்து வந்துடணும்.

மொதல் தடவைன்னா மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கே போங்க, விதவிதமா கேஸ் வரும். முந்தின நாளே இ-கோர்ட்ஸ்ங்கற கோர்ட் வெப்சைட்ல காஸ் லிஸ்ட், அதாவது அன்னிக்கு வர்ற கேஸ் பட்டியலைப் பாத்து சாட்சி விசாரணைக்கு போட்ட கேஸ் இருக்கான்னு தேடுங்க, ஏன்னா மத்ததெல்லாம் ரெண்டு நிமிஷத்துல வாய்தா ஆகி போயிடும். நம்மூர்ல பெரும்பாலும் 10.30க்கு ஆரம்பிக்கும், கொஞ்சம் முன்னாடியே போய் போனை சைலண்ட்ல போட்டுட்டு பின்னாடி பெஞ்சுல உக்காருங்க, முன்னாடி இருக்கற நாற்காலி வக்கீலுங்களுக்கு. வாசல்ல போலீஸ் கேட்டா கோர்ட் நடக்கறத பாக்க வந்தேன்னு நேரா சொல்லுங்க, போதும். ஜட்ஜ் வரும்போது எழுந்து நிக்கணும், போட்டோ வீடியோ கூடவே கூடாது.

காலையில ஒவ்வொரு பேரா கூப்பிடுவாங்க, ஆள் வரலைன்னா பிடிவாரண்ட் வரைக்கும் போகலாம். சத்தமா இருக்கும், முதல்ல ஒண்ணுமே புரியாது, பரவால்ல. ரிமாண்டுக்கு, அதாவது கைது பண்ண ஆளைக் காவல்ல வெக்க உத்தரவு கேட்டு, யாரையாவது கூட்டிட்டு வந்தா மட்டும் காதைத் தீட்டி வெச்சுக்கோங்க. புடிச்ச 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும், பயண நேரம் மட்டும் கணக்குல வராது. எதுக்கு புடிச்சாங்கன்னு சொன்னாங்களா, வீட்டுக்கு தகவல் சொல்லியாச்சா, அடிச்சாங்களா, வக்கீல் இருக்காரான்னு ஜட்ஜ் கேக்கறாங்களா, அந்த ஆளு பதில் சொல்ல நேரம் குடுக்கறாங்களா பாருங்க. என்னைக் கேட்டா அன்னிக்கு முழுக்க பாக்க வேண்டியதுல இதுதான் முக்கியம், ஒரு மனுஷன் ஜெயிலுக்குப் போறதா வீட்டுக்குப் போறதான்னு முடிவாகற இடம் அது.

சாட்சி கூண்டுல ஏறினா மொதல்ல அரசு வக்கீல் கேப்பாரு, அப்புறம் எதிர்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை. நீங்க சம்பவ இடத்துலயே இல்ல, போலீஸ் சொல்லிக்குடுத்து பொய் சொல்றீங்கன்னு வக்கீல் அழுத்திக் கேப்பாரு, சாட்சி பதறிப்போய் இல்லைய்யான்னு சொல்லுவாரு, டைப் ஆகறப்ப அது 'நான் சம்பவ இடத்தில் இல்லை என்றால் சரியல்ல'ன்னு (நான் அங்க இல்லைன்னு சொல்றது தப்புங்கறதுக்கு கோர்ட் பாஷை) ஒரு வரியா ஆயிடும். அந்தப் பதட்டம் பேப்பர்ல வராது, நேர்ல உக்காந்து பாத்தாதான் தெரியும்.

பக்கத்துல உக்காந்திருக்கறவங்க சாட்சியா இருக்கலாம், கேஸ் பத்தி அவங்ககிட்ட பேச்சு குடுக்காதீங்க. வெளிய வந்து எழுதறதா இருந்தா பாலியல் குற்றத்துல பாதிக்கப்பட்டவங்க பேரு, அடையாளம் எதுவும் வரக்கூடாது, அது தனி குற்றம்.

புடிச்ச கேஸ் நம்பரை குறிச்சு வெச்சுக்கோங்க, அடுத்த வாய்தா தேதி இ-கோர்ட்ஸ்லயே வரும், அன்னிக்கும் போய் பாருங்க.