ஆய்வில் சேரக் கூப்பிட்டால்: ஒரு லேத் தொழிலாளியின் குறிப்புகள்

ஆஸ்பத்திரி வரிசையில் டோக்கனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் வந்து, "சார், ஓர் ஆய்வு நடக்கிறது, சேர விருப்பமா?" என்று கேட்கிறார். பெங்களூரில் எங்கள் அல்சூர் பக்கம் இதற்கு இரண்டு யோசனைகள் தயாராக இருக்கும். "எலிக்குப் பதில் ஆளைப் பிடிக்கிறார்கள், எழுந்து வந்துவிடு" என்பார் ஒருவர். "டெஸ்ட் எல்லாம் இலவசம், உடனே கையெழுத்துப் போடு" என்பார் இன்னொருவர். போன வருடம் ஒரு குடல் மருந்து ஆய்வில் நான் சேர்ந்தேன், எட்டு வாரம் இருந்தேன். இரண்டு பேருமே அரைகுறை என்று தெரிந்துகொண்டேன். அதன் பிறகு தெருவில் நாலைந்து பேர் வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எழுதிவிடுகிறேன்.

என் கதை சுருக்கமானது. அப்பா கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை செய்தவர். நான் பெங்களூருக்கு வந்து 31 வருடம் லேத் ஓட்டினேன், பாதிக்கு மேல் நைட் ஷிப்ட். ஓய்வு பெற்ற பிறகும் உடம்பு ஷிப்டை விடவில்லை. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு. விடிந்ததும் வயிற்றை முறுக்கி மூன்று முறை கழிப்பறை. ஸ்கோப்பி என்ற கேமராக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், புண்ணும் இல்லை கட்டியும் இல்லை, இது ஐ.பி.எஸ். என்றார். அது போலீஸ் பதவி அல்லவா என்று கேட்டு அவரைச் சிரிக்க வைத்தேன். புண், கட்டி எதுவும் இல்லாமலேயே வயிற்றைப் படுத்தும் குடல் கோளாறுக்கு ஆங்கிலச் சுருக்கப் பெயராம் அது.

வயிற்று டாக்டர் தூக்கத்தைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகுதான் விளங்கியது. குடலுக்கென்று தனியாக ஒரு நரம்பு வலை இருக்கிறது. மூளைக்கும் அதற்கும் வேகஸ் நரம்பு வழியாக ஓயாமல் செய்தி போய் வருகிறது. மனநிலையோடு சேர்த்துப் பேசப்படும் செரடோனின் என்ற பொருளில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது. அதனால்தான் வயிறு, தூக்கம், மனம் மூன்றையும் ஒரே ஆய்வில் வைத்துப் பார்க்கிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வு வேறு, வைத்தியம் வேறு. டாக்டர் உங்களுக்காக மருந்து எழுதுகிறார். ஆய்வு, அந்த மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள நடக்கிறது. உங்களுக்குக் குணமானால் நல்லது, ஆனால் அதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. தருகிறேன் என்று யாராவது சொன்னாலோ, சேர்வதற்குப் பணம் கேட்டாலோ எழுந்து வந்துவிடுங்கள்.

கையெழுத்துக்கு முன் ஒரு தகவல் தாள் கொடுப்பார்கள். அதை அங்கேயே படித்து முடிக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு எடுத்துப் போகக் கேளுங்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டியது அவர்கள் கடமை. எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்கத் தடுமாறும். தமிழில் கேட்டேன், ஒரு வாரத்தில் கொடுத்தார்கள். அந்தத் தமிழைத்தான் சொல்ல வேண்டும். "இது இரட்டைக் குருட்டு ஆய்வு" என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. என் மனைவி படித்துவிட்டு, "கண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமா? வேண்டாங்க" என்று தாளை மடித்து அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டாள். யாருக்கு உண்மையான மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்பது நமக்கும் தெரியாது, கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாது என்பதுதான் பொருள். குலுக்கல் முறையில் பிரிக்கிறார்கள். புரியாத வரியைப் பென்சிலால் கோடிட்டுக்கொண்டு போங்கள். நான் பதினொரு கோடு போட்டேன்.

வெறும் மாத்திரை கிடைத்தால் ஏமாந்துபோவோமே என்று பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் டெட் கப்சக் என்பவரின் குழு, 2010ல் வெளியிட்ட ஆய்வில், 80 ஐ.பி.எஸ். நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு "இதில் மருந்தே இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லியே மாத்திரை கொடுத்தது. மூன்று வாரத்தில் அவர்களில் 59 சதவீதம் பேர் போதிய நிவாரணம் என்றார்கள். மாத்திரை எதுவும் பெறாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 35 சதவீதம். நம் வயிறு அப்படிப்பட்டது. மருந்தின் உண்மையான பலனைத் தனியே பிரித்துப் பார்க்க வெறும் மாத்திரை ஏன் தேவை என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

கேட்க வேண்டிய கேள்விகளில் முதலாவது சி.டி.ஆர்.ஐ. எண். இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் பொதுப் பதிவேடு அது. 2007ல் தொடங்கினார்கள், 2009 முதல் மருந்துச் சோதனைகளுக்குப் பதிவு கட்டாயம். இணையத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். எண்ணைப் போட்டால் ஆய்வை நடத்துவது யார், பணம் போடுவது யார், யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள் எல்லாம் வரும். என் மருமகன் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் காட்டினான். அடுத்தது, ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழு. 2019ஆம் ஆண்டின் விதிகளின்படி அதில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், சட்டம் தெரிந்தவர் ஒருவரும் நம்மைப் போன்ற சாதாரண ஆள் ஒருவரும் உட்பட. அந்தக் குழுவின் தொலைபேசி எண் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வினால் உடம்புக்குக் கேடு வந்தால் சிகிச்சையையும் இழப்பீட்டையும் யார் தருவார்கள்? பாதியில் விலகினால் வழக்கமான வைத்தியம் தொடருமா? எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், வைத்தியம் நிற்கக் கூடாது. பஸ் செலவு தருவார்களா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

வீட்டில் சாப்பிடும் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். அக்கா சேலத்திலிருந்து அனுப்பும் திரிபலா சூரணத்தை நான் மருந்தாகவே நினைக்கவில்லை, அதனால் சொல்லவில்லை. இரண்டாவது வாரம் பேச்சுவாக்கில் வாயைவிட்டு வந்தது. ஆய்வைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் முகம் மாறிவிட்டது. மலத்தை இளக்கும் பொருளை ரகசியமாகச் சாப்பிட்டுக்கொண்டு குடல் மருந்தைச் சோதிக்க வந்திருக்கிறேன்!

அடுத்தது டைரி. இதில்தான் ஆட்கள் வழுக்குகிறார்கள், நானும் வழுக்கினேன். தினமும் காலையில் எழுந்ததும் எழுத வேண்டும்: எத்தனை மணிக்குப் படுத்தேன், தூங்க எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை முறை விழித்தேன், எப்போது எழுந்தேன். இரவில் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், பார்க்கப் பார்க்கத் தூக்கம் ஓடும். உத்தேசமாக எழுதினால் போதும். இரவு பத்தரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தால் படுக்கையில் ஏழரை மணி நேரம். அதில் தூங்கியது ஐந்தே கால் மணி என்றால் 70 சதவீதம். 85ஐத் தொட்டால் நல்ல தூக்கம் என்கிறார்கள். என் முதல் வாரம் 61.

மலத்துக்கு பிரிஸ்டல் அட்டை என்று ஒன்று உண்டு. ஏழு படங்கள். ஒன்று என்றால் ஆட்டுப் புழுக்கை மாதிரி, ஏழு என்றால் வெறும் தண்ணீர். மூன்றும் நாலும் வந்தால் சந்தோஷப்படலாம். ஒருநாள் கழிப்பறையிலிருந்து வந்து, மறப்பதற்குள் "இன்று ஆறு" என்று சத்தமாகச் சொன்னேன். வாசலில் பூ வாங்கிக்கொண்டிருந்த மனைவி கிரிக்கெட் என்று நினைத்து யார் அடித்தது என்று கேட்டாள்.

நாலாவது வாரம் ஐந்து நாள் எழுதாமல் விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஐந்தையும் நிரப்பினேன், சந்தேகம் வராமலிருக்க பேனாவைக்கூட மாற்றினேன். தொழிற்சாலையில் வெர்னியர் வைக்காமலேயே அளவு எழுதிய பையனை ஒருமுறை நான் திட்டியிருக்கிறேன். அவன் ஞாபகம் வந்தது. அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, ஒரு கதை சொன்னார். 2002ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வாம். தீராத வலியுள்ளவர்களிடம் காகித டைரி கொடுத்து, அதன் உறைக்குள் வெளிச்சம் பட்டால் பதிவாகும் கருவி ஒன்றை ஒளித்து வைத்தார்களாம். சொன்ன நேரத்தில் எழுதியதாக அவர்கள் காட்டிய கணக்கு 90 சதவீதம். உண்மையில் எழுதியது 11 சதவீதம். விட்டுப்போன நாளை வெற்றாக விடுங்கள், வெற்றிடமும் தகவல்தான் என்றார். அந்த ஐந்து நாளையும் குறுக்குக் கோடு போட்டு அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

மனநிலைக்கும் ஒரு கேள்வித்தாள் உண்டு. ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி. கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்பது. மானம் போய்விடும் என்று எல்லாரும் "இல்லை" என்று குறிப்பார்கள் போலிருக்கிறது. நான் "சில நாட்கள்" என்று குறித்தேன். அன்றே மனநல டாக்டர் அரை மணி நேரம் என்னோடு பேசினார். யாரும் என்னை அடைத்துப் போடவில்லை. ஆய்வில் சேராதவர்களுக்கும் அந்த உதவி கிடைக்கும். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசுவார்கள். 2022ல் தொடங்கிய அந்தச் சேவையை வழிநடத்துவது நம் ஊர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிதான்.

தூக்கத்தை அளக்க ஓரிரவு ஆய்வகத்தில் படுக்கச் சொன்னால் தலைக்கு எண்ணெய் வைக்காமல் போங்கள். நான் தேங்காய் எண்ணெய் தடவிச் சீவிக்கொண்டு போய் நின்றேன். டெக்னீஷியன் பஞ்சும் ஸ்பிரிட்டுமாகத் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். பிறகு தையல்காரர் மாதிரி நாடாவால் மண்டையை அளந்து, சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் பசையோடு ஒரு வயர். கண்ணோரம், தாடை, கால் எல்லா இடத்திலும் வயர். மார்பில் பட்டை, விரலில் கிளிப், மூக்கில் குழாய். தூக்கம் வராது என்றுதான் நினைத்தேன், வந்தது. இரவில் சிறுநீர் கழிக்க வேண்டுமென்றால் கூப்பிட்டால் போதும், எல்லா வயரும் சேரும் பெட்டியைக் கழற்றிக் கையில் கொடுப்பார்கள். பசை போக மூன்று முறை சீயக்காய் தேய்த்தேன்.

கையில் கட்டும் வாட்ச் மாதிரியான கருவி அசைவை மட்டும்தான் அளக்கிறது. விழித்துக்கொண்டே அசையாமல் படுத்திருந்தால் தூங்கினீர்கள் என்று எழுதிவிடும். அதனால்தான் டைரியும் வேண்டியிருக்கிறது. குளிக்கக் கழற்றினால் நேரத்தைக் குறித்து வையுங்கள்.

கடைசி நாள் மீதி மாத்திரையை டப்பாவோடு எடுத்துப் போக வேண்டும். காலி டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்குக் கொடுத்தது 120. 56 நாளுக்கு 112 போனால் மீதி எட்டு இருக்க வேண்டும். அந்தப் பெண் தட்டில் கொட்டி எண்ணினார், பதினொன்று இருந்தது. தங்கவயல் கல்யாணத்தில் இரண்டு வேளை விட்டது டைரியில் இருந்தது. மூன்றாவது எப்போது விட்டது என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு வரவில்லை. "ஒன்று, தெரியவில்லை" என்று எழுதி, அதன் பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.