இண்டிகோ ஸ்டோல்ல நீலம் ஒட்டுறதை நிறுத்தின கதை

ராஜஸ்தான் பக்ரு ஊர் ஸ்டைல்ல சேத்தை மர அச்சால அடிச்சு (சேறு பட்ட இடம் சாயம் ஏறாம வெள்ளையா நிக்கும்) இண்டிகோ நீலச் சாயத்துல முக்கின காட்டன் ஸ்டோல் ஒண்ணு வச்சிருக்கேன், பார்டர்ல நம்ம மாங்கா புட்டா, நடுவுல ஜப்பான்காரங்களோட செய்காய்ஹா அலை, அரைவட்டம் மேல அரைவட்டமா. அச்சு சேர்ற இடத்துல கோடு லேசா பிசகியிருக்கும், எனக்கு பிடிச்சதே அதான்.

பிரச்சனை என்னன்னா கழுத்துல போட்டா வெள்ளை சட்டை காலர் பூரா நீலம். உப்பு போடு வினிகர் போடுன்னு ஆளாளுக்கு சொல்வாங்க, இண்டிகோவுக்கு அது வேலைக்கே ஆகாதுங்க, ஏன்னா இந்த சாயம் நூலோட கெமிக்கலா பிணையாது, தண்ணில கரையாத துகளா சிக்கி நிக்கும், மேலாப்ல இருக்கறது உரசினா வந்துடும். அந்த எக்ஸ்ட்ராவை வெளியேத்தணும், அவ்ளோதான்.

பெரிய பக்கெட் நிறைய தண்ணி, காரம் இல்லாத லிக்விட் சோப் கொஞ்சம், ஸ்டோலை தனியா போட்டு ஊற விடாம அலசிக்கிட்டே இருந்தேன் (ஊறினா வெளிய வந்த நீலம் வெள்ளை அலை மேலயே திரும்ப உக்காந்துக்கும்), தண்ணி வெளிறுற வரைக்கும் மாத்தி மாத்தி. முறுக்காம டவல்ல சுருட்டி அமுக்கி நிழல்ல காயப்போட்டேன்.

இப்ப ஒட்டல, நல்லா வேர்த்தா மட்டும் லேசா வரும். வெள்ளை சட்டைக்கு இன்னும் போடறதில்ல.