பித்தநீர் மாதிரியைப் பத்திரமாக எடுப்பது எப்படி?

பித்த அமிலங்களுக்கும் பித்தநாளப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா என்று ஆராய எங்கள் லேபுக்கு வரும் மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: கருவியைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் மாதிரியைக் காப்பாற்றுங்கள்.

ஈஆர்சிபி (வாய்வழியாக எண்டோஸ்கோப்பை விட்டுப் பித்தநாளத்தை அடையும் முறை) செய்யும் டாக்டரிடம் முன்பே சொல்லிவையுங்கள். எக்ஸ்ரே சாயம் செலுத்துவதற்கு முன்பே பித்தநீரை உறிஞ்சி எடுக்க வேண்டும். சாயம் கலந்து நீர்த்துவிட்டால் அடர்த்தி அளவை நம்பவே முடியாது. எடுத்ததும் குழாயை ஐஸில் வையுங்கள். தொற்றுள்ள பித்தநீரில் பாக்டீரியா நொதிகள் பித்த அமிலத்தோடு இணைந்திருக்கும் கிளைசின், டாரின் என்ற சிறு மூலக்கூறுகளை வெட்டிக்கொண்டே இருக்கும். சிறு சிறு குழாய்களாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் உறையவிடுங்கள். ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்க வேண்டாம்.

ஒப்பீட்டில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பித்தநாளத்தில் அடைப்பு வந்தாலே பித்த அமிலங்களின் விகிதம் மாறும். குடலுக்குப் பித்தம் போகாததால், அங்கே பாக்டீரியா உருவாக்கும் டிஆக்சிகோலிக் அமிலம் குறைந்துவிடும். அதனால் கட்டியால் அடைப்பு வந்தவரை, கல்லால் அடைப்பு வந்தவரோடு ஒப்பிடுங்கள். பிலிருபின் (மஞ்சள் காமாலையில் கூடும் நிறமி) அளவு, நாளத்தில் வைத்த ஸ்டென்ட் குழாய், ஆன்டிபயாடிக் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். உர்சோ மாத்திரை (உர்சோடிஆக்சிகோலிக் அமிலம் என்ற பித்த அமில மருந்து) சாப்பிடுகிறாரா என்று கட்டாயம் கேளுங்கள். அதைச் சாப்பிடுபவரின் பித்தத்தில் அந்த அமிலமே தூக்கலாக இருக்கும்.

டாரோகோலேட் (டாரின் இணைந்த ஒரு பித்த அமிலம்) கூடியிருக்கிறதா? சரி, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்பதை ஒரே ஒருமுறை எடுத்த மாதிரி சொல்லாது.